வங்கியிடம் சொன்னது, வீட்டில் சொல்லாதது

வெட்கப்பட வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில், தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாக்களில் 'ஒழுக்கம்' என்ற தலைப்பில் அரை மணி நேரம் தாளைப் பார்க்காமல் பேசக்கூடிய நான், வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, என்னைச் சூதாட விடாமல் தடுக்கும்படி கேட்டேன். அதையும் நேராகக் கேட்கவில்லை. "எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார்" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் கெல்லி என்று ஒரு பெண். நண்பரின் அட்டை இலக்கத்தைக் கேட்டாள். என் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வாசித்தேன். நண்பரின் பிறந்த தேதியைக் கேட்டாள். என்னுடையதைச் சொன்னேன். ஒரு சிரிப்பும் இல்லாமல் கடைசிவரை 'உங்கள் நண்பர்' என்றே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில், "உங்கள் நண்பர் இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா?" என்று கேட்டாள். "மெரிலேண்ட்ஸில் மூன்றாம் மாடியில் இருக்கிறார், கீழ்க்கதவுக்கு இலக்கப் பூட்டு உண்டு" என்றேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஏதும் உண்டா என்பதைத்தான் இந்த நாட்டில் அப்படிப் பக்குவமாகக் கேட்பார்கள் என்பது போனை வைத்த பிறகே எனக்கு விளங்கியது.

என் சூதாட்டம் காலை ரயிலில் நடந்தது. ரயிலில் எல்லாரும் குனிந்த தலையோடு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும் அப்படித்தான். முதலில் கிரிக்கெட். எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட் தெரியும் என்ற நினைப்பு ஒரு கேடு. எந்தப் பந்து எப்படித் திரும்பும் என்று தெரிந்தவனுக்குக் காசு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாதா? தெரியவில்லை. பிறகு, பெயரும் கேள்விப்படாத ஊர்களில் ஓடிய நாய்களின் மீது பந்தயம் கட்டினேன். ஒரு நாயின் பெயருக்கு எங்கள் பழைய காப்பியம் ஒன்றின் சாயல் இருப்பதாக எனக்குத் தோன்றியது. வாசிப்பு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பக்கத்து இருக்கையில் தமிழர் இருப்பார், "என்ன அண்ணை, வேலைக்கோ?" என்பார். "ஓம், கொஞ்சம் ஈமெயில் பாக்கிறன்" என்பேன். நாய் அதற்குள் தோற்றிருக்கும்.

ஊரில் எனக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒருமுறை முயன்றிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது, அங்கே காசுக்குக் கடுதாசி, அதாவது சீட்டு, விளையாடுவார்கள். தலையைக் குனிந்து உள்ளே நுழையப் போகிறேன், எதிர்க்கடைத் தையற்காரர் மெசினை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்: "தம்பி, கொப்பர் அங்கையில்லை. வாசிகசாலையில இருக்கிறார். கூப்பிடட்டோ?" அப்பாவைக் கூப்பிடுவார் என்றதும், அவ்வளவுதான். அதன் பிறகு அந்த ஒழுங்கைப் பக்கமே நான் போகவில்லை. அந்தத் தையற்காரரை நான் புனிதராக்க வரவில்லை. அதே கண்தான் யார் வீட்டுப் பெட்டை யாரோடு கதைத்தாள் என்பதையும் பார்த்தது, எத்தனையோ பேரின் நிம்மதியைக் கெடுத்தது. அந்தக் கண்ணிலிருந்து தப்பி வந்தோம் என்று நாங்கள் எல்லாரும் உள்ளூர மகிழ்ந்தவர்கள்தான். இங்கே என்னை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு வருடம் பார்க்கவில்லை. கடைசியில், ஊர்ச்சந்தி ஒரு நிமிடத்தில் இலவசமாகச் செய்த வேலையை ஒரு வங்கியிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

வங்கி அதை ஒழுங்காகவே செய்தது. சூதாட்ட நிறுவனம் எதற்கும் என் அட்டையிலிருந்து காசு போகாது. தடையை எடுக்கச் சொன்னாலும் உடனே எடுக்க மாட்டார்கள், இரண்டு நாள் காத்திருந்து யோசிக்க வேண்டும். போட்ட அன்றே அதைச் சோதித்துப் பார்த்தேன். சோதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் தடை வேலை செய்யாமல் போகாதா என்ற ஆசை. திரையில் 'மறுக்கப்பட்டது' என்று வந்தபோது ஒரு நிம்மதியும், கன்னத்தில் அறை வாங்கியது போன்ற ஒரு கோபமும் சேர்ந்தே வந்தன. கெல்லி இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: தடை அட்டைக்குத்தான், கையில் எடுக்கும் காசுக்கு இல்லை. அதனால், நண்பர் விரும்பினால், ஒரு நாளில் எடுக்கக்கூடிய காசையும் குறைத்துவிடலாம். நண்பர் விரும்பினார்.

ஆனால் கெல்லிக்கு எங்கள் சனிக்கிழமைகளைப் பற்றித் தெரியாது. வெள்ளைக்காரருக்கு அட்டை போதும், எங்கள் கொண்டாட்டங்கள் இன்னும் என்வலப்பில்தான் நடக்கின்றன. பிறந்தநாளோ கலியாணமோ, மண்டப வாசலில் மினுமினுப்புத் தாள் ஒட்டிய பெட்டி ஒன்று இருக்கும். பின்பக்கத்தில் பெயரெழுதிய என்வலப்பை அதற்குள் போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போவோம். என் நண்பன் யோகனின் மகளுக்கு இருபத்தோராவது பிறந்தநாள். என் மனைவி மாலதி முதியோர் இல்லத்தில் தாதி, அன்று காலை வேலைக்குப் புறப்படும்போது பச்சை நூறு டொலர்த் தாள்கள் இரண்டை என் கையில் தந்து, "வடிவான காட் ஒண்டு வாங்கி, உங்கட கையெழுத்தில எழுதி வையுங்கோ" என்றாள். வாழ்த்து மடல் விற்கும் கடைக்கு எதிரே கிளப். அதற்குள் இருக்கும் சூதாட்ட மெசின்கள் அட்டையைக் கேட்பதில்லை, தாளைத்தான் கேட்கின்றன. அதுவரை நான் அந்த அறைக்குள் போனதில்லை. போனின் வழி அடைக்கப்பட்டதும் கால்கள் வேறு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டன. வாசலில் நின்றவர் என்னை 'மைட்', அதாவது நண்பா, என்று அழைத்து நல்வரவு சொன்னார். நாற்பது நிமிடத்தில் இரண்டு தாளும் போயின. அதை மீட்பதற்காக வங்கி மெசினில் அன்றைக்கு எடுக்கக்கூடிய அத்தனையையும் எடுத்தேன், அதுவும் போனது. இப்போது என்வலப்புக்குள் வைக்க ஒன்றுமில்லை. இனி எடுக்கவும் முடியாது, அந்த எல்லையைக் கேட்டு வாங்கியவன் நான்தான். வங்கி அட்டையால் வாங்கிய வாழ்த்து மடலில் எட்டு வரியில் ஒரு கவிதை எழுதினேன். பழக்கதோஷத்தில், என்வலப்பின் பின்பக்கத்தில் எங்கள் இருவரின் பெயரையும் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டி, பெட்டிக்குள் போட்டேன். அவ்வளவு என்வலப்புகளுக்குள் யார் கவனிக்கப் போகிறார்கள்?

மறுநாள் மத்தியானம் யோகன் போன் எடுத்தான். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட என்வலப்புக்குள்ள காட் மட்டுந்தான் கிடந்தது. நீங்கள் வைக்காமல் விடுற ஆளில்லை. பெட்டிக்குப் பக்கத்தில ராணியக்கா தான் இருந்தவ. என்ர மனுசி அதைத்தான் யோசிக்கிறா."

ராணியக்கா யோகனின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தமக்கை. விதவை. இரண்டு வருடமாக அவர்களின் வீட்டுக்குப் பின்னால் உள்ள கிரானி பிளட்டில் இருக்கிறார், விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கும் வேலை. அந்த ஒரு அறையைத் தவிர இந்த நாட்டில் அவருக்குப் போக்கிடம் இல்லை. நான் உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "மாலதியிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன். அதன் பிறகு கழிந்த ஒரு மணி நேரத்தை இங்கே மறைப்பது சரியல்ல. சொல்லாமல் விட்டால் என்ன, பெரிய தொகையில்லையே, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று நான் கணக்காக யோசித்தேன். ஒழுக்கம் பற்றிய என் உரையில் இந்தப் பகுதி கிடையாது.

மாலதி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "ஆர், யோகனே? என்னவாம்?" என்று கேட்டாள். சொன்னேன். நாய்களிலிருந்து கெல்லி வரை எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு காலமா?"

"ஒரு வருசம்."

"அந்தப் பாங்குப் பிள்ளைக்கு எப்ப சொன்னனீங்கள்?"

"மூண்டு கிழமைக்கு முதல்."

"முகம் தெரியாத பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்கு ஏலுமாயிருந்தது," என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குழாயை மூடிக் கையைத் துடைத்தாள். "சேர்ட்டைப் போடுங்கோ. இப்பவே போவம்."

கெல்லிக்கு ஏன் சொல்ல முடிந்தது என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். அவள் எந்தச் சனிக்கிழமையும் என் எதிரில் வந்து உட்காரப் போவதில்லை என்பதால்தான். எவருடைய கண்ணும் என் மீது படாத இந்த நாட்டின் பிரஜையாக ஒரு பாதி ஆகிவிட்டிருந்தேன். மற்றப் பாதி இன்னும் அந்தத் தகரக் கொட்டில் வாசலில், யாராவது குரல் கொடுப்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவில் நான் செய்தது என்னவென்றால், அறுபது வயதுப் பெண்ணொருத்தியை ஒரு மணி நேரம் கள்ளியாக விட்டுவைத்ததுதான்.

யோகன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டான். "விடுங்கோ அண்ணை, எங்களுக்குக் காசு பிரச்சினையில்லை" என்றான். அவன் மனைவி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். ராணியக்காவிடம் அவள் காலையிலேயே கேட்டுவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்வளவுக்குப் போனோம். கிரானி பிளட்டின் கதவு திறந்திருந்தது. கட்டிலில் சூட்கேஸ் விரித்தபடி கிடந்தது, அதற்குள் சேலைகள் பாதி அடுக்கியிருந்தன. ராணியக்கா கதிரையில் இருந்து காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடி பேசினேன். நீளமாகவே பேசினேன், எனக்குத் தெரிந்தது அதுதானே. என் பலவீனம், வங்கியின் தடை, அதன் ஓட்டை, என் கோழைத்தனம், கடைசியில் கைகூப்பி மன்னிப்பு. தன் பங்குக்கு யோகனின் மனைவி அழுதபடியே வந்து சூட்கேசிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். ராணியக்கா தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. கடைசிச் சோடியையும் சுருட்டி மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நான் களவெடுக்கிற ஆளெண்டே வையுங்கோ. அந்தப் பெட்டிக்குள்ள மூண்டு டொக்டர்மாரின்ர என்வலப் கிடந்தது. அதுகளை விட்டிட்டு உங்கடயையோ எடுப்பன்?"