பவானி தூங்காத மதியங்கள்

மஞ்சக்குப்பத்தில் குணசுந்தரி நடத்தும் பிள்ளைக் காப்பகத்துக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. வீட்டின் முன்னறை, ஒரு சமையல்கட்டு, எட்டுப் பிள்ளைகள், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. "அதோ பாரு காக்கா" என்று பிள்ளையின் முகத்தைத் திருப்பிவிட்டு நைசாக நழுவும் வேலையெல்லாம் நடக்காது. போயிட்டு சாயங்காலம் வரேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பெற்றவர்கள் வாசலைத் தாண்ட வேண்டும். பிள்ளை அழும். அழட்டும் என்பாள் சுந்தரி. அழுகிற பிள்ளையைத் தேற்றிவிடலாம், ஏமாந்த பிள்ளையை யார் தேற்றுவது என்று கேட்பாள். முதலில் முகம் சுளித்த பெற்றோர்தான் பிறகு தங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அப்பேர்ப்பட்டவளையே திணற அடித்தாள் பவானி. வயது மூன்றரை. அம்மா கயல்விழிக்கு ஜவுளிக்கடையில் வேலை. அப்பா விஜயகுமார் தேவனாம்பட்டினத்துக்காரர், விசைப்படகில் கடலுக்குப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் கரை திரும்புவார். காலையெல்லாம் பவானி தங்கமாக இருப்பாள். மதியம் பாயை விரித்தால் போதும், ஆளே மாறிவிடுவாள். தானும் தூங்க மாட்டாள், தூங்குகிற பிள்ளைகளின் இமையையும் விரலால் பிரித்துத் திறந்து எழுப்பிவிடுவாள். ஒருநாள் அறிவுமதி என்ற பையனின் கண்ணோரத்தில் நகம் கீறிவிட்டது.

அவன் அப்பா அறிவழகன் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வந்ததும் குதித்தார். "இதபாருங்கம்மா, திங்கக்கிழமைலேர்ந்து ஒண்ணு அந்தப் பொண்ணு இங்க இருக்கணும், இல்லன்னா எம் புள்ள இருக்கணும்."

நியாயமான கோபம்தான். கண் தப்பியதே பெரிய விஷயம். ஆனால் பவானியை அனுப்பிவிட்டால் கயல்விழி வேலையை விட வேண்டியதுதான், வீட்டில் வயதான மாமியாரைத் தவிரப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சுந்தரிக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் மதியம் பவானியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். விடியலிலிருந்து ஓடிய உடம்பு, தன்னையறியாமல் கண் அசந்துவிட்டது. இமைமேல் இரண்டு சின்ன விரல்கள்.

"தூங்காத சுந்தரிம்மா. தூங்குனா போயிடுவாங்க."

"யாருடி தங்கம் போயிடுவா?"

"அப்பா."

இத்தனை நாளும் இந்தப் பிஞ்சு எல்லாருக்கும் காவல் காத்திருக்கிறது. நாமோ அதற்குச் சேட்டை என்று பெயர் வைத்திருந்தோம் என்று சுந்தரி நொந்துகொண்டாள்.

சாயங்காலம் வந்த கயல்விழியிடம் கேட்டாள். "ஆமாங்கா, அவரு இருட்டோடவே கெளம்பிடுவாரு. கடலுக்குப் போறவங்கள எங்க போறன்னு எங்க வூட்ல கேக்கமாட்டாங்க, பின்னாடி கூப்புடமாட்டாங்க. அந்த நேரத்துல புள்ள அழுதா ஆவாதுன்னு மாமியாரு சொல்லுவாங்க. அதான் எழுப்புறதில்ல. எழுந்து கேட்டா, கடைக்குப் போயிருக்காருன்னுடுவேன்."

நாலு நாளா ஒரு மனுஷன் கடைக்குப் போவான்! சுந்தரி பெண்ணாடத்துப் பக்கம் கரும்புக் காட்டில் வளர்ந்தவள், கடலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தப் பயத்தைக் கேலி செய்ய அவளுக்கு வாய் வரவில்லை. விஜயகுமார் கரைக்கு வந்ததும் கூட்டிவரச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் வந்தார். மறுநாள் விடியலில் மறுபடியும் படகு. ஆறடி ஆள், வாசலிலேயே தயங்கி நின்றார். "கெளம்புற நேரத்துல அது அழுவுறத கேட்டுட்டு என்னால படகு ஏற முடியாதுக்கா."

"உங்க வாசல்ல அழ வேணாம் தம்பி. நாளைக்குப் போறத இன்னிக்கே இங்க சொல்லிடுங்க. அழுவுறத எம் மடியில அழுதுக்கட்டும்."

அவர் சம்மணம் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். "பவானி, நாளைக்கு நீ தூங்குறப்ப அப்பா கடலுக்குப் போயிடுவேன். வியாழக்கிழமை வந்துடுவேன்."

பவானி எடுத்தாளே ஒரு அழுகை, தெருவே திரும்பிப் பார்த்தது. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துகொண்டன. சுந்தரி அழாதே என்று சொல்லவில்லை. மடியில் இறுக்கிக்கொண்டு, "அப்பா மேல கோவமா? கோவமாத்தான் இருக்கும். பயமாவும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே முதுகைத் தடவினாள். அழுகை விம்மலாகி, விம்மல் விக்கலாகியது. விஜயகுமார் பழக்கதோஷத்தில் ஓசைப்படாமல் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். சுந்தரி ஒரு பார்வை பார்த்தாள். மனுஷன் திரும்பி வந்தார்.

"பவானி, அப்பா போயிட்டு வரேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போயிட்டு வா."

வெளியே வந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் விஜயகுமார். "இத்தினி வருஷத்துல எங்க வூட்ல யாரும் என்னை வாயத் தொறந்து அனுப்பி வச்சதில்லக்கா."

திங்கட்கிழமை மதியம், ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு அறிவழகன் வந்தார். என்ன முடிவு ஆயிற்று என்று கேட்கத்தான். சுந்தரி வாயில் விரலை வைத்து, உள்ளே பார்க்கச் சொன்னாள். பாயில் அவர் பையன் பாதித் தூக்கத்தில் எழுந்து சிணுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் படுத்திருந்த பவானி அவன் நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தூங்கு. உங்கப்பா ஆபீஸ்ல இருக்காரு. சாயங்காலம் வருவாரு."

பையன் கண்ணை மூடினான். பெரிய கொட்டாவி ஒன்று விட்டு அவளும் மூடினாள்.

"ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்மா" என்று கிசுகிசுத்தார் அறிவழகன்.