தெருவைத் தாண்டிய அமீனா

கோர்ட் அமீனாவாக முப்பது வருடம் வேலை பார்த்தேன். சம்மனையும் தீர்ப்பையும் உரிய ஆளிடம் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. அதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் மடுகரையில் நடந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஓர் ஐப்பசியில் பிரான்ஸ் கோர்ட் தீர்ப்பு ஒன்று டெல்லி வழியாக எங்கள் புதுச்சேரி கோர்ட்டுக்கு வந்தது. மாலதி அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள். லீவுக்கு ஊருக்குப் போய்வருகிறேன் என்று ஆறு வயது மகளை அழைத்துவந்த கணவன் தேவராசு திரும்பவே இல்லை. பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. அது அவனுக்கு முறைப்படி சர்வ் ஆனால்தான், அதாவது கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான், அவளுடைய வக்கீல் இங்கே அடுத்த அடி வைக்க முடியும்.

மடுகரையில் அவன் தெருவில் வீடு இருக்கும் பக்கம் புதுச்சேரி, எதிர்ப்பக்கம் தமிழ்நாடு. என் பைக் சத்தம் கேட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவான். மூன்றாம் முறை கூப்பிட்டே சொன்னான்.

"இன்னா அமீனா சார், டீ சொல்லட்டா? நீங்கதான் இந்தாண்ட வர முடியாதே."

கடையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தெருவைத் தாண்டிப் போய்க் காகிதத்தை அவன் மடியில் போட்டேன். 'டீக்கடையில் நேரில் கொடுக்கப்பட்டது' என்று ரிப்போர்ட்டும் எழுதினேன்.

பங்குனியில் எங்கள் நாசர் கூப்பிட்டார். நாசர் என்றால் சம்மன் பிரிவின் தலைமை அதிகாரி.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்க? ரோட்டுக்கு அந்தாண்ட உனக்கு இன்னா அதிகாரம்? சர்வீஸ் செல்லாதுன்னு ஆயிடுச்சி. அந்தப் பொண்ணு அங்கேர்ந்து மறுபடியும் அனுப்பியிருக்குது."

புதிதாக வந்த காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுபடி போனேன். தேவராசு வழக்கம்போலக் கடைக்கு நடந்தான். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆள் அகப்படாவிட்டால் அதே வீட்டில் குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தார் வாங்கலாம். எனக்குத் தெரிந்த சட்டம்தான், கோபத்தில் மறந்திருந்தேன். குரல் கொடுத்ததும் அவனுடைய அண்ணி தனம் வந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி குழந்தை. விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வாங்குனா செல்லுமா சார்?"

"செல்லும்மா. ஆனா வூட்டுல சண்ட வரும்."

"வரட்டும். தெனம் போன்ல அம்மா மூஞ்சியப் பாத்துட்டு சாப்புடாமப் படுத்துக்குது. ஊட்டி வுடறது நான், எனக்குத் தெரியாதா? எங்க கையெழுத்துப் போடணும்?"

"அண்ணி, வாங்காதீங்க" என்று தேவராசு தெருவைத் தாண்டி ஓடிவந்தான். அதற்குள் தனம் பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. எங்கள் கோர்ட்டும் ஆர்டர் போட, மாலதி வந்தாள். ஒப்படைக்கும்போது நானும் இருந்தேன். மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டவள் முதலில் வாயைத் திறக்கச் சொன்னாள்.

"முன்பல்லு எப்பக்கா விழுந்துச்சி?"

"பொங்கல் கழிச்சி. சாணியில வச்சி கூரை மேல போட்டோம்" என்றாள் தனம்.

நான் மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். ஐப்பசியிலேயே ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் அந்தப் பல் தாயின் கையில் விழுந்திருக்கும். கோபம் வந்தால் காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் போய்க் கொடுக்கலாம்.