பன்னிரண்டாவது பெட்டி

என் அக்கா இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தினாள். அத்தனை வருஷத்தில் பதில் தெரியாத ஒரு கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். "குழம்புக்கு உப்பு போட்டியா?" என்று கேட்டால், போடவில்லை என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அம்மா படுத்த படுக்கையானபோது நான் எட்டாம் வகுப்பு, அவள் பன்னிரண்டாம் வகுப்பு. யாராவது ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். நான் இருந்தேன். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை நான். அக்கா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பாள். நான் பாத்திரம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். "கார்பன் மோனாக்சைடு. காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் நச்சு வாயு. நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது." அவளுக்கு மனப்பாடமான அன்றைக்கே எனக்கும் ஆகிவிட்டது.

இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அவள் வேலை பார்த்த கல்லூரியிலேயே பின்னால் எனக்கும் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கே அவளை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவள் சொல்லிச் செய்ததல்ல, நானாகவே செய்தது. அக்காவின் வேலையும் நிரந்தரமில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் புதுக் கையெழுத்து வாங்குவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அவள் சாப்பிட மாட்டாள்.

போன வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாணவர்கள் இனி வேலை தேடிப் போகக் கூடாது, புதிதாகக் கண்டுபிடித்துத் தொழில் தொடங்க வேண்டும். அதற்கு முதலில் ஆசிரியர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கல்லூரிக்குள் புதிதாகத் திறந்த மையத்தில் நாற்பது பேருக்குப் பயிற்சி தொடங்கியது. வட்ட மேஜைகள், சுவரெல்லாம் வண்ணத்தாள்கள். உதிர்ந்து விழும் தாள்களைப் பெருக்குவது என் வேலை, பெருக்கும்முன் படிப்பது என் பழக்கம். ஒன்றில் 'சீக்கிரமாகத் தோல்வியடையுங்கள்' என்று இருந்தது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்களிடம் சொல்கிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு வந்த இளைஞர் சுறுசுறுப்பானவர். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால், அதை வாங்கப்போகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஆளுக்கு முப்பது பேரிடம், முன்பின் தெரியாதவர்களிடம், பேசி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். முப்பது தாள் கொடுத்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த ஒப்பந்தம். கடைசி வரியை அவர் சொல்லவில்லை, மையத்தின் இயக்குநர் சொன்னார்.

அக்கா எடுத்துக்கொண்டது, ஒற்றை அறை வீடுகளில் மழைக்காலத்தில் துணி காய்வதில்லை என்ற பிரச்சினை. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் சந்துகளில் அலைந்து ஏழு பேரிடம் பேசினாள். திங்கட்கிழமை பயிற்சியாளர் அந்த ஏழு தாள்களையும் புரட்டிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாத் தாளிலும் அக்கா சிவப்பு மையால் திருத்தியிருந்தாள். இஸ்திரி போடுகிற அம்மா, மழை என்றால் ஜன்னலை அடைத்துத் துணி செருகிவிடுவோம், சாரல் அடிக்கும், சாக்கடை நாற்றமும் வரும் என்று சொல்லியிருந்தார். அக்கா அதன் கீழே கோடு போட்டு, 'தவறு. காற்றோட்டம் அவசியம்' என்று எழுதி, பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தாள்.

"மேடம், அவங்க பரீட்சை எழுத வரல," என்றார் பயிற்சியாளர். "அவங்க சொல்றது எதுவும் தப்பில்ல. அதுதான் அவங்க வீடு."

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஆசிரியர் அறையில் அவளுக்குப் பத்துக்கு மூணு என்று பெயர் விழுந்துவிட்டது. பத்துக்கு மூணு வந்தாச்சா, பத்துக்கு மூணு டீ குடிச்சாச்சா என்று கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. அந்த ஏழு தாள்களையும் அவள் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். அந்தக் கூடையைக் கொட்டுகிறவள் நான். கொட்ட மனசு வரவில்லை. நீவி எடுத்து வீட்டில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முப்பது தாள்களையும் புதிதாக எழுதினாள். நாலு பேனாக்கள், நாலு விதமான கையெழுத்து. தையல்காரர், காவலாளி, கைக்குழந்தைக்காரி என்று ஆட்களை அவளே உண்டாக்கினாள். அத்தனை பேரும் தெளிவாகப் பேசினார்கள். அத்தனை பேரும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"எல்லாரும் இப்படித்தான் சின்னவளே எழுதிக் குடுக்குறாங்க," என்றாள் என்னைப் பார்க்காமல். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

சான்றிதழ் வந்தது. விஷயம் அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. முப்பது தாள்களையும் மிக அழகாக எழுதியிருப்பது அக்காதான் என்று இயக்குநர் அவற்றை நாலு மாணவர்களிடம் கொடுத்து, அவர்களுக்கு அவளையே வழிகாட்டியாகப் போட்டார். பிள்ளைகள் யாரிடமும் போய்ப் பேசவில்லை. மேடம்தான் பேசிவிட்டார்களே. ஒரு தகரப் பெட்டி செய்தார்கள். மேலே துணி தொங்கவிடக் கம்பிகள், கீழே சின்ன எரிவாயு அடுப்பு. ஆய்வகத்தில் ஆறு ஜன்னல்களையும் திறந்து வைத்துச் சோதித்தார்கள். அருமையாக வேலை செய்தது. 'ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தவும்' என்று பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார்கள். மழை தொடங்கியதும் சந்து வீடுகளில் பன்னிரண்டு பெட்டிகளைப் பரீட்சார்த்தமாகக் கொடுத்தார்கள். வெளியூர்க் கல்லூரிக்காரர்களை வரவழைத்து வியாழக்கிழமை விழா என்றும், அக்காவுக்கு முன்மாதிரி ஆசிரியர் விருது என்றும் முடிவானது.

செவ்வாய்க்கிழமை காலையில் விழா மேடைக்கான மேஜை விரிப்புகளை வாங்கிவர என்னை இஸ்திரிக்கார அம்மாவின் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நாளாக விடாத மழை. கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து முகத்தில் பட்டது. மூலையில் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் பழைய பாவாடையைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். ஒன்பது மணியாகியும் அவர் மகளும் பேரப்பிள்ளையும் பாயில் அசையாமல் கிடந்தார்கள்.

"இந்தப் பெட்டி வந்ததுலருந்து வீட்டுல எல்லாருக்கும் நல்லாத் தூக்கம் வருது," என்று சிரித்தார். "தலைதான் கொஞ்சம் பாரமா இருக்கு. புள்ள ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். மழை நாளு, ஒத்துக்கல போல."

நேரே போய் ஜன்னலிலிருந்த துணியைப் பிடுங்கினேன், அடுப்பை நிறுத்தினேன், பிள்ளையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தேன். என்னம்மா இது, வந்ததும் வராததுமா என்று அவர் பின்னாலேயே வந்தார். மழைத் துளி முகத்தில் பட்டதும் பிள்ளை முனகினான். அவன் அழுகிறவரை நான் அங்கேயே நின்றேன். தட்டி எழுப்பியதில் மகளும் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி அதைப் பற்றவைக்காதீர்கள் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று தடவை ஆனது.

விரிப்புகளை மறந்துவிட்டு ஓடினேன். போகிற வழியில் வீட்டுக்குள் புகுந்து புடவைக்கு அடியிலிருந்த தாள்களை எடுத்துக்கொண்டேன். ஆய்வகத்தில் அக்கா தனியாக இருந்தாள். பத்துக்கு மூன்று போட்ட தாளை அவள் முன்னால் வைத்தேன். கல்லூரிக்குள் முதல்முறையாக அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

"ஜன்னல் மூடியிருக்கு அக்கா. அந்தம்மா சொன்ன மாதிரியே. மணி ஒன்பதாகியும் புள்ள எழுந்திரிக்கல."

அவள் தாளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நிறமற்றது, மணமற்றது.

இயக்குநர் அறையில் அவள் பத்து நிமிஷம் இருந்தாள். நான் வெளியே, திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில், தரையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை போகட்டும், வெள்ளிக்கிழமை எல்லாப் பெட்டியையும் எடுத்துவிடலாம், அதுவரை எச்சரிக்கையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்கிறேன் என்றார் அவர். இப்போது தெரிந்தால் நாற்பது பேரின் தாள்களையும் கேட்பார்கள் மேடம், உங்களுடையதை மட்டுமல்ல என்றார். அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, பன்னிரண்டு முகவரிகளும் இருந்த தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒரு சுமை ஆட்டோ பிடித்தோம். மழையில் வீடு வீடாகப் போனோம். ஓர் ஆள் பெட்டியைத் தர மாட்டேன் என்று வாசலை மறித்தார். குடுத்ததைத் திரும்பக் கேக்குறதுக்கு எதுக்குப் போட்டோ எடுத்தீங்க என்றார். வழக்கமான அக்காவாக இருந்தால் அங்கேயே ஒரு பாடம் நடத்தியிருப்பாள். அன்று அவள் நனைந்துகொண்டே, "வீட்டுல யாருக்காவது தலைவலி இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவர் திரும்பி உள்ளே பார்த்தார். உள்ளே அவர் மனைவி நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். அவரே பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றினார்.

சாயங்காலத்துக்குள் பதினொன்று சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவது வீடு பூட்டியிருந்தது. புருஷன், பெண்டாட்டி, ஆறு மாதக் கைக்குழந்தை. இரண்டு நாளைக்கு முன்னால் சின்ன லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ குடி போய்விட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாச் சாமானுக்கும் மேலே அந்தப் பெட்டியைத்தான் பத்திரமாகக் கட்டியிருந்தார்களாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதைப்போல ஒரு வசதி வருமா என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாளாம். கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பார்க்கலாம் என்றார்கள்.

விழா நடந்தது, விருதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இந்தத் தடவை அந்த ஒரு நாள் முடியவே இல்லை. என் வேலை மட்டும் இருக்கிறது. பெருக்குகிறவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது அக்கா ஐந்தாறு பிள்ளைகளுக்கு வீட்டில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். வானம் மூடிக்கொண்டு வருகிற நாட்களில் மட்டும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டுகிறாள். தெருத் தெருவாகக் கதவைத் தட்டுகிறாள். மழைக்காலத்துல துணியை எப்படிக் காய வைக்கிறீங்க என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். ஜனங்கள் துணியில் தொடங்கி மாமியார், முழங்கால் வலி, வாடகை பாக்கிக்கு வீட்டுச் சொந்தக்காரர் போட்ட பூட்டு என்று எல்லாவற்றையும் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்கிறாள். நானூற்றுப் பத்தொன்பது தாள்கள் ஆகிவிட்டன. ஒன்றிலும் சிவப்பு மை இல்லை. ஒன்றிலும் அந்தப் பெட்டி இல்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்றே கால் வயது. அக்கா அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறாள், அது நடக்கத் தொடங்கியிருக்கும் என்கிறாள். நான் ஆமாம் என்கிறேன்.

இன்று காலையிலிருந்தே இருட்டிக் கிடக்கிறது. எனக்கு விடுமுறை நாள் என்பதால் நானும் வந்திருக்கிறேன். தெருவின் வலப்பக்கம் அவளுக்கு, இடப்பக்கம் எனக்கு. யாரிடமும் பேசாத நான் இதுவரை ஒன்பது வீட்டில் பேசிவிட்டேன். பத்தாவது வீட்டில் ஜன்னல் மூடியிருக்கிறது, கண்ணாடியின் உள்பக்கம் நீராவி படிந்து முத்து முத்தாக வழிகிறது. இரண்டு தடவை தட்டிவிட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு வேகமாகத் தெருவைத் தாண்டி வருகிறாள். நான் மூன்றாவது தடவை தட்டுகிறேன்.