நான்காம் எண் கடிகாரம்

ஜூன் 6: ஒரு மணி நேரத்தில் 12 வினாடி.
ஆகஸ்ட் 8: 31 வினாடி.
அக்டோபர் 10: 58 வினாடி.
டிசம்பர் 5: 90 வினாடி.

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தின் நான்காம் எண் நிறுத்துக்கடிகாரம் பின்தங்கிய கணக்கு இது. பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே உதவியாளராக இருந்தவர், சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் தம் கையால் பதிவேட்டில் எழுதியது. பிள்ளைகளுக்கு அவர் ‘லேப் அக்கா’. டிசம்பர் வரிக்குக் கீழே ‘தேர்வுக்குக் கொடுக்கக் கூடாது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

பிப்ரவரி 12, செய்முறைத் தேர்வு. தனி ஊசலுக்கு எட்டு மேஜை. காலையில் எட்டாம் மேஜைக்கு வைத்திருந்த ஏழாம் எண் கடிகாரத்தின் பொத்தான் உள்ளே போனது. வெளியே வரவே இல்லை. அக்கா அலமாரியைத் திறந்து, சற்றுத் தயங்கி, மிச்சமிருந்த ஒரே கடிகாரமான நான்காம் எண்ணை எடுத்து அங்கே வைத்தார். கடிகாரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற வினாடிகளைப் பின்னால் இட்டு நிரப்புவதுதான் அந்த ஆய்வகத்தின் வழக்கம்.

எட்டாம் மேஜைக்கு வந்தவள் தையல்காரர் மகள். கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதினாள். விடை 10.3.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்தார். “என்னம்மா, உனக்கு மட்டும் வேற பூமியா?”

“மூணு தடவை எண்ணினேன் சார். இதான் வருது.”

சிவப்பு மை பக்கம் முழுக்க ஓடியது. அக்கா அடுத்த மேஜையின் ஊசல் நூலைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்.

மே 21, முடிவு வந்தது. செய்முறையில் மூன்று மதிப்பெண் குறைந்து அவள் தோல்வி. கல்லூரியில் சேர ஜூன் 30 கடைசி நாள். மறுநாளே அக்கா தேர்வுத் துறைக்குக் கடிதம் எழுதி, பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு இயற்பியல் ஆசிரியரிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

“எதுக்குக்கா வம்பை விலை கொடுத்து வாங்குறீங்க? திடீர்னு கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாமே?”

“டிசம்பர்லயே என் கையெழுத்து இருக்கே சார். தெரிஞ்சேதான் கொடுத்தேன்.”

“வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க!”

“வெக்கட்டும். நீங்க போடுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

அந்தப் பெண்ணிடமும் அக்கா மறைக்கவில்லை.

“கெட்டதுன்னு தெரிஞ்சா கொடுத்தீங்க?”

“ஆமாம்மா.”

அதற்குப் பிறகு அவள் ‘அக்கா’ என்று கூப்பிடவே இல்லை. தினமும் பள்ளி வாசலில் நின்று “வந்துச்சா?” என்று மட்டும் கேட்பாள். அக்கா இல்லையென்று தலையசைப்பார்.

ஜூன் 9, முதல் கடிதம். அக்காவுக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜூன் 20, ஒன்றுமில்லை. ஜூன் 25, ஒன்றுமில்லை. 26-ம் தேதி “வந்துச்சா?” என்றுகூடக் கேட்காமல் நின்றுவிட்டுப் போனாள்.

90 வினாடிப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டால் அவளுடைய விடையும் 9.8-தான், மதிப்பெண் மாற்றப்பட்டது, அவள் தேர்ச்சி. இப்படிச் சொன்ன கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: ஜூன் 28.