தங்கராசாவின் நீர்மட்டக் கொப்பி

2007இல் என் இறுதியாண்டு ஆய்வு, வெள்ளக் காலத்தில் வாவி முகத்துவாரத்தால் கடலுக்குள் பாய்வதைக் கணினியில் ஓட்டிக் காட்டுவது. வாவி ஒழுங்காக ஓடியது. முகத்துவாரத்தில்தான் வினை. கணினி கணக்கிடும் நீர்ப்பரப்பின் எல்லையை அங்கே போட்டு, தங்கராசா மாமாவின் கொப்பியிலிருந்த நீர்மட்டத்தை அதில் ஆணியடித்தது போல் கட்டி வைத்திருந்தேன். சுழிகள் வந்து மோதித் திரும்பின. நாற்பத்தோராவது நிமிடத்தில் எண்கள் தாறுமாறாக ஏறிக் கணக்கு வெடித்தது. ஒவ்வொரு தடவையும்.

தங்கராசா மாமா எங்கள் ஒழுங்கையின் முதல் அரச உத்தியோகத்தர். முகத்துவாரத்து அளவுகோலில் காலையும் மாலையும் நீர்மட்டம் பார்த்து எழுதுவது வேலை. வெள்ளைச் சேட்டு, பையில் இரண்டு பேனா. ஷெல் விழுந்த நாளிலும் ஓர் அளவு விடுபடவில்லை. அதையே நான் சந்தேகித்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். முத்திரை குத்திய கொப்பியைவிட என் மூளையைச் சந்தேகிப்பது எளிதாக இருந்தது.

கடைசியில் அளவுகோலையே பார்க்கலாமென்று முகத்துவாரத்தின் இக்கரையில் போய் நின்றேன். அக்கரைக் காவலரணில் ஆமிக்காரர் கரப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வலையின் ஒரு கம்பத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகளும் இலக்கங்களும்.

“மாமா, உங்கட கோல் பந்து விளையாடுது.”

“மெதுவாப் பேசு புள்ள.” மாமா தன் வீட்டுக் கேற்றைச் சாத்தினார். “ஆமிக்காரன் புடுங்கி ரெண்டு வருசம். போய்க் கேட்டாச் சுடுவான். எழுதாட்டிக் கந்தோரில வேலையால நிப்பாட்டுவான். தையில பென்சன். நான் என்ன செய்யிற?”

“அப்ப இந்த எண்ணெல்லாம்?”

குசினியிலிருந்து அவர் மனைவி இரத்தினம்மா சொன்னா: “நம்மட கிணத்துட மட்டம். எட்டிப் பாக்கிறதும் நான்தான். அவருக்குத் தலை சுத்தும்.”

கிணற்றைக் கடல்வாயில் கட்டிவிட்டு, மூன்று மாதம் என்னையே மொக்கு என்று திட்டியிருக்கிறேன்.

உண்மையை எழுதினால் மாமாவின் பென்சன் போகும். மறைத்துப் பாவித்தால் என் பட்டம் பொய். ஆனால் எல்லையை முகத்துவாரத்தில் போடச் சொன்னது யார்? நானேதான், கொப்பி கையில் இருந்ததால். சரியான அளவாக இருந்தாலும் சுழி மோதித்தான் திரும்பியிருக்கும். எல்லையைக் கடலுக்குள் மூன்று கிலோமீற்றர் தள்ளினேன். அங்கே வரும் சுழியை அதன் வேகத்திலேயே வெளியேற விட்டேன். நீர்மட்டத்துக்குத் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணை போதும். நாற்பத்தோராவது நிமிடம் சத்தமில்லாமல் கடந்தது. கொப்பி தேவைப்படவில்லை, அதைப் பற்றி எழுதவும் தேவைப்படவில்லை. அது நேர்மையா, கள்ளமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

தையில் பென்சன் வந்தது. மாமா என் ஆய்வேட்டைப் புரட்டினார்.

“என்ட கொப்பி எங்க?”

“பாவிக்கல்ல மாமா.”

முகம் தொங்கிவிட்டது. “ரெண்டு வருசம் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தது சும்மாவா?”

“பாத்தது நான்,” என்றா இரத்தினம்மா.