புண்மேல் படர்ந்த ஆடை

கொப்பரை சரிந்தபோது பாகு எங்கள் இருவர்மீதும் கொட்டியது. எனக்கு வலது புறங்கை, தம்பி மாரப்பனுக்கு இடது. எருத்தேன்பதியில் எங்கள் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சிப் பதம் பார்ப்பவன் நான். ஒரே வண்டியில் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவருக்கும் ஒரே களிம்பு, ஒரே துணிக்கட்டு.

அவன் கை ஆறியது. என் கை ஆறவில்லை.

அவன் கட்டைத் தொடுவதே இல்லை. அழுக்கேறிய துணியோடு படுத்துத் தூங்குவான். நான் தினமும் வெந்நீரில் புண்ணைத் துடைத்துச் சுத்தமாக வைத்தேன். அப்படியும் தோல் அவனுக்கே ஏறியது. என் கரண்டியை அவன் பிடித்துக் கிண்டுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அவன் கை மறுபடி வீங்கட்டும் என்றுகூட ஒரு காலையில் நினைத்தேன்.

“சின்னவருக்கு இளரத்தமுங்க, அதான் சீக்கிரம் ஆறீருச்சு” என்றாள் என் மனைவி. புண்ணைவிட அது எரிந்தது.

மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

“இனியும் மூடலைன்னா விரல் சுருங்கிப் போகும். அப்புறம் கரண்டி பிடிக்க முடியாது. வீட்டுல என்ன செய்யறீங்க?”

“ஓரத்துல வெளுப்பா ஆடை படருதுங்க. அன்னன்னைக்கே வழிச்சு எடுத்தர்றனுங்க.”

கொதிக்கும் சாற்றின்மேல் எது படர்ந்தாலும் அழுக்கு. எடுக்காவிட்டால் வெல்லம் கறுத்துவிடும். என் கைக்குத் தெரிந்தது அதுதான்.

“அது அழுக்கில்லை, புதுத்தோலாக்கும். கரையிலிருந்து நடுவுக்கு ஊர்ந்து வருது. நீங்க தினமும் அதை உரிச்சு எறியறீங்க.”

வண்டியில் மாரப்பன் சிரித்தான். “ஏனுங்ணா, சோம்பேறிக்குத்தான் தோல் வளருமாட்ட இருக்குது!”



அதன்பின் கட்டு மாற்றுவதை ஆஸ்பத்திரிக்கே விட்டு, நான் அதைத் தொடாமல் இருந்தேன். இத்தனை கடினமான வேலையை நான் செய்ததில்லை. உள்ளே முளைச்சதை (குருணைபோல் எழும்பும் சிவந்த புதுச்சதை) குழியை நிரப்ப, அதன்மேல் ஆடை மெல்லப் படர்ந்து நடுவில் சேர்ந்தது. சதைக்கு அதன் வேகம்தான். என் அவசரம் அதற்குத் தெரியாது. இதைப் படிக்கும் நீங்களும், மருத்துவர் சொல்லாமல் எதையும் வழிக்காதீர்கள்.

கரண்டிக் காம்பைப் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் மடங்கின. மாரப்பன் கரண்டியை நீட்டினான். அவன் கையில் வடு மங்கி, ரோமம்கூட முளைத்திருந்தது. அதைப் பார்த்தால் இன்றும் பொறாமைதான். என் புறங்கையில் ரோமம் இல்லை, ரேகை இல்லை. அடுப்பின் அனல் முதலில் அங்கேதான் சுடுகிறது. எனக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் என் உடம்பில் இந்த இடம் மட்டும் தம்பியைவிட இளையது.