அக்சினியா பலகை தட்டாத காலை

நான் ரெண்டாம் வகுப்பு தாண்டாதவன். ஆனாலும் பிஸ்திரிட்சா ஆற்றங்கரையில் முதல் மர அறுவை மில் வைத்தவன் இந்தக் கவ்ரில்தான். என் தங்கை அக்சினியா என்னையே பேச்சில் மடக்கியவள் என்றால் அவள் வாயைப் பற்றி வேறென்ன சொல்ல! கன்னியர் மடத்தில் சேர்ந்தும் அது ஓயவில்லை. ஒரு தவக்காலத்தில் மட்டும் பேசாமல் இருந்து பார்த்தாள்.

"உள்ளே யாரோ ரொம்ப நாளா எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்துச்சுண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து ஒரே ஆசை, மலைமேல் தனிக்குடிசையில் மௌனமாக ஜெபித்துக் கிடக்க வேண்டும். மடத்துத் தலைவி எப்ராக்சியா தாய் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. தினமும் விடிந்ததும் தொங்குகிற மரப்பலகையைத் தட்ட வேண்டும். ஒருநாள் சத்தம் வராவிட்டாலும் கீழே வந்துவிட வேண்டும். பலகை நான் அறுத்தது. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

ஈஸ்டர் கழிந்த வாரம் ஒரு காலையில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு ஸம்ஃபிரா, செத்தவர்களுக்கு வைக்கும் கொலிவாவையே கிளறிவிட்டாள்: வேகவைத்த கோதுமை, சர்க்கரை, அக்ரூட்.

"போய்ப் பார்க்கிறதுக்கு முன்னாடியேவா?"

"பின்னே, போன ஆத்துமாவைப் பட்டினி போடச் சொல்றீங்களா அண்ணே?"

எப்ராக்சியா தாயும், கொலிவாக் கிண்ணத்தோடு ஸம்ஃபிராவும், நானுமாக ஏறிப் போனோம். உச்சி வெயில். கதவைத் தள்ளினால், அக்சினியா முழங்காலில் இருந்தாள். திரும்பிப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, ஈஸ்டர் வாழ்த்தாக, "கிறிஸ்து உயிர்த்தார்!" என்றாள்.

"மெ... மெய்யாகவே உயிர்த்தார்" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஸம்ஃபிரா நடுங்கினாள்.

"ஏன் தட்டலை?" என்றார் தாய்.

"விடியட்டும்னு இருக்கேன், தாயே."

வெளியே காட்டினோம். சூரியனைப் பார்த்தாள், கொலிவாவைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். தனக்கு வைத்ததில் ஒரு கை அள்ளித் தின்று, "சர்க்கரை கம்மி, ஸம்ஃபிரா" என்றாள்.

தாய் சிரிக்கவில்லை. "நிபந்தனை நிபந்தனைதான். மூட்டையைக் கட்டு."

அவளோ ஜெபக்கயிற்றையும் சின்னத் திருப்படத்தையும் எடுத்துக்கொண்டு அதே சிரிப்போடு வந்து நின்றாள்.

"வருத்தமில்லையா?" என்று கேட்டார் தாய்.

"அவர் இந்தக் குடிசைக்குள்ள மட்டுமா இருக்கார், தாயே?"

தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கேயேதான் இருப்பேன்னு அடம்பிடிச்சிருந்தா இழுத்துட்டுப் போயிருப்பேன். உள்ளே போடி" என்றார்.

இறங்கும்போது உயிர்ப்புப் பாட்டை நான்தான் எடுத்தேன். என் தொண்டைக்கு இந்த மலையில் ஈடு கிடையாது. அன்றைக்குத் தாய் என்னைவிடச் சத்தமாகப் பாடினார்.